வாசகர் கேள்வி – பதில்: உயர்புல் பிரெய்ரியைப் பேணுவது எப்படி?

கனடாவின் மனிடோபா முதல் டெக்சஸ் வரை ஒரு காலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் பரப்பில் விரிந்து கிடந்த உயர்புல் பிரெய்ரியில் (உயரமான புற்களும் பூச்செடிகளும் நிறைந்த இயற்கைப் புல்வெளி), இன்று 4 விழுக்காட்டுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. சென்ற இதழில் இதைப் பற்றி வந்த குறிப்பைப் படித்துவிட்டு, அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வாழும் வாசகர்கள் பலர் நிலப் பராமரிப்பு தொடர்பான கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருள் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அயோவாவில் நாங்கள் வாங்கிய நிலத்தின் ஓரத்தில், பழைய இருப்புப்பாதையை ஒட்டி, இரண்டு ஏக்கர் அளவில் ஒரு சரிவு நிலம் இருக்கிறது. அது ஒருபோதும் உழப்பட்டதில்லை என்று முந்தைய உரிமையாளர் சொன்னார். வேலி போட்டு, யாரும் கால் வைக்காதபடி அப்படியே விட்டுவிடலாம் என்றிருக்கிறோம். இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் அல்லவா?

பதில்: உழப்படாத இரண்டு ஏக்கர் என்பது அயோவாவில் சிறிய செய்தி அன்று. அம்மாநிலத்தின் பெரும்பகுதி முன்பு பிரெய்ரியாக இருந்தது; அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மீதமில்லை. 1837இல் ஜான் டியர் இல்லினாய் மாநிலத்தில் எஃகுக் கலப்பையைச் செய்து காட்டிய பிறகு, கலப்பையில் அப்பிக்கொள்ளும் அந்தக் கரிய மண்ணை உழுவது எளிதாகிவிட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரெய்ரி வயலாக மாறியது. கலப்பை எட்டாத இடங்கள் மட்டுமே தப்பின. இருப்புப்பாதை ஓரங்கள், முதல் குடியேறிகளின் கல்லறை நிலங்கள், உலர்புல்லுக்காக ஆண்டுதோறும் அறுக்கப்பட்ட புல்தரைகள், சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும் மண்ணுக்கு அருகிலேயே இருந்ததால் உழ முடியாமல் போன கன்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகள் ஆகியவை அப்படித் தப்பியவை. உங்கள் சரிவும் அந்த வரிசையில் சேரக்கூடும்.

ஆனால் வேலியிட்டு விட்டுவிடும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். உயர்புல் பிரெய்ரி இருக்கும் பகுதியில் மரம் வளரப் போதுமான மழை பெய்கிறது. அங்கே மரத்தைத் தடுத்து நிறுத்தியவை தீ, மேய்ச்சல், அவ்வப்போது வந்த கடும் வறட்சி ஆகிய மூன்றும்தான். மின்னலால் மூண்ட தீ ஒரு பக்கம் இருக்க, ஓசேஜ், கா முதலிய பூர்வகுடி மக்கள் வேட்டைக்காகவும் இளம்புல் துளிர்ப்பதற்காகவும் பல தலைமுறைகளாகத் திட்டமிட்டே நெருப்பிட்டு வந்தார்கள். நாம் இயற்கை என்று காண்பதில் அவர்களுடைய உழைப்பும் அறிவும் கலந்திருக்கின்றன. அந்தத் தீயை நிறுத்திவிட்டு வேலி போட்டால், காய்ந்த புல் ஆண்டுக்காண்டு குவிந்து மண்ணுக்கு வெயில் படாமல் மறைக்கும். குட்டையான பூச்செடிகள் முதலில் மறையும். பறவைகள் கொண்டுவந்து போடும் விதையிலிருந்து கிழக்குச் செஞ்சிடார் மரங்கள் முளைக்கும். பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்து ஸ்மூத் புரோம் புல் வேர்வழியாக நுழையும். கன்சாஸில் மன்ஹாட்டன் நகருக்கு அருகே உள்ள கொன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில், 1, 2, 4, 20 ஆண்டுகள் என வெவ்வேறு இடைவெளிகளில் எரிக்கப்படும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை 1980களிலிருந்து ஒப்பிட்டு வருகிறார்கள். நீண்ட காலம் எரிக்கப்படாத பகுதிகள் புதராகவும் மரக்கூட்டமாகவும் மாறிவிட்டன. 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை எரித்த இடங்களிலும்கூட டாக்வுட் போன்ற புதர்கள் பரவியிருக்கின்றன.

அதற்காக நாளையே தீப்பெட்டியோடு இறங்கவும் வேண்டாம். முதல் ஆண்டு முழுவதையும் அந்த நிலத்தை அறிந்துகொள்ளவே செலவிடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சில வாரங்களுக்கு ஒரு முறை சென்று, பூத்திருப்பவற்றைப் படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து வையுங்கள். ஊதா நிறக் கதிரும் சாம்பல் பூத்த இலையும் கொண்ட லெட்பிளான்ட், வடக்குத் தெற்காக இலையைத் திருப்பி நிற்கும் காம்பஸ் பிளான்ட், பிரெய்ரி குளோவர், பிரெய்ரி டிராப்சீடு புல் ஆகியவற்றில் சில தென்பட்டாலே, உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பழம் பிரெய்ரிதான் என்று கொள்ளலாம். உழுத நிலத்துக்கு இவை எளிதில் தாமாகத் திரும்பி வருவதில்லை. அயோவாவில் மாவட்டந்தோறும் இயற்கைப் பாதுகாப்பு வாரியம் இருக்கிறது. அங்கே உள்ள இயற்கையியலாளரை ஒரு முறை அழைத்துக் காட்டுங்கள். முதல் ஆண்டிலேயே தயக்கமின்றிச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் செஞ்சிடார் மரங்களை, அடியில் இருக்கும் பச்சைக் கிளைக்கும் கீழாக வெட்டி, வெளியே கொண்டுபோய்விடுங்கள். அப்படி வெட்டினால் அம்மரம் மீண்டும் துளிர்ப்பதில்லை.

கேள்வி: அரிய உயிரினங்கள் வாழும் புல்வெளிக்கு நாமே தீ வைப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகளும் பறவைக் கூடுகளும் அழியாவா? புல்லின் வேர் கருகாதா?

பதில்: வேரைப் பற்றிய கவலை வேண்டாம், பூச்சிகளைப் பற்றிய கவலை நியாயமானது.

பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், சுவிட்ச் கிராஸ், லிட்டில் புளூஸ்டெம் ஆகிய நான்கும் பிரெய்ரியின் முதன்மையான புற்கள். இவற்றின் வளர்முனைகள் மண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கின்றன. தாவரத்தின் எடையில் பெரும்பகுதியும் மண்ணுக்கடியில்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர், ஆள் உயரத்தை மிஞ்சிய ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒவ்வொரு வேரையும் பின்தொடர்ந்து வரைந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புல்தீ விரைவாகக் கடந்து செல்வதால், மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீழே வெப்பம் அதிகம் இறங்குவதில்லை. தீ போனபின் கருத்த நிலம் வெயிலை உறிஞ்சி விரைவில் சூடேறுகிறது. தடையின்றி வெளிச்சம் படுகிறது. மேலே சொன்ன நான்கைப் போல வெயில் ஏறியபின் வளரும் வெப்பப்பருவப் புற்கள் வீறுகொண்டு எழுகின்றன. அதே வேளையில், அவற்றுக்கு முன்பே துளிர்த்துவிட்ட கென்டக்கி புளூகிராஸ், புரோம் போன்ற அயல்நாட்டுக் குளிர்பருவப் புற்கள் அடிவாங்குகின்றன. இதை 1940களிலேயே விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் ஜான் கர்டிஸ் சோதனை செய்து நிறுவினார்.

பூச்சிகளின் நிலை வேறு. ரீகல் ஃப்ரிட்டிலரி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, கடுகளவு உடலோடு காய்ந்த சருகுக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் வயலட் செடியின் இலையைத் தேடிப் போகிறது. அந்தச் சருகு எரிந்தால் புழுவும் எரியும். எரிக்காமலே விட்டால் சில ஆண்டுகளில் வயலட் செடி நிழலில் மறையும். டகோட்டா ஸ்கிப்பர், பவஷீக் ஸ்கிப்பர்லிங் ஆகிய இரண்டும் 2014இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் அருகிவரும் உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன; அவை வாழும் துண்டு நிலங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால், ஓரிடத்தில் அழிந்தால் மற்றோரிடத்திலிருந்து வந்து குடியேற வழியில்லை. ஆகவே ஒரு நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் எரிப்பதை நான் தவறு என்றே சொல்வேன். மூன்றில் ஒரு பங்கை இந்த ஆண்டு எரித்து மற்றவற்றை விட்டுவையுங்கள். எரிக்கும் பங்குக்குள்ளேயும் தீ தானாகத் தாண்டிச் சென்ற திட்டுகள் இருந்தால், திரும்பிப் போய் அவற்றைக் கொளுத்தாதீர்கள். நிலம் சிறிதாக இருக்கும்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பறவைகளைப் பொறுத்தவரை பருவத்தைக் கவனித்தால் போதும். பெரும்பாலான புல்வெளிப் பறவைகள் ஏப்ரல் இறுதிக்குப் பிறகே கூடு கட்டத் தொடங்குகின்றன. அதற்காக ஆண்டுதோறும் மார்ச்சு இறுதியிலோ ஏப்ரலிலோ மட்டும் எரித்துக்கொண்டிருந்தால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆண்டு தவறாத வசந்தத் தீ உயரப் புற்களையே வளர்த்துப் பூச்செடிகளை ஒடுக்கிவிடும் என்பது கொன்சாவில் தெளிவாகத் தெரிந்த உண்மை. சில ஆண்டுகள் இலையுதிர்காலத்திலும், சில ஆண்டுகள் குளிர்காலத்தின் இறுதியிலும் என்று மாற்றி மாற்றி எரிப்பதே நல்லது.

ஒரு வேண்டுகோள்: பயிற்சி இல்லாமல் தனியாக எரிக்க முனையாதீர்கள். சீரான திசையில் மிதமாக வீசும் காற்று, 30 முதல் 60 விழுக்காடு வரையிலான ஈரப்பதம், முன்பே அறுத்தோ உழுதோ வைத்த தீத்தடுப்புக் கோடு, நீர், போதிய ஆட்கள், தீயணைப்புத் துறைக்கும் அண்டை வீட்டாருக்கும் முன்னறிவிப்பு, உரிய அனுமதி ஆகிய இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த நாளைத் தள்ளிப்போடுங்கள். பல மாநிலங்களில் நில உரிமையாளர்கள் கூடி ஒருவர் நிலத்தை மற்றவர் எரிக்க உதவும் சங்கங்கள் உள்ளன. முதலில் அவர்களோடு சேர்ந்து பிறர் நிலத்தில் வேலை செய்து கற்றுக்கொள்ளுங்கள். புகை எங்கே போகும் என்பதையும் பாருங்கள்; ஃபிளின்ட் ஹில்ஸில் ஒரே வாரத்தில் பலர் எரிப்பதால் நகரங்களின் காற்று கெடுவதைக் குறைக்க, கன்சாஸ் மாநிலம் 2010இல் தனியாகப் புகை மேலாண்மைத் திட்டமே வகுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: எங்கள் பகுதியில் நெருப்பிட அனுமதி கிடைக்காது. அறுத்துவிட்டால் போதுமா?

பதில்: ஓரளவு போதும். மிசூரியிலும் கிழக்குக் கன்சாஸிலும் பல பழம் பிரெய்ரிகள் பிழைத்ததற்குக் காரணமே உழவர்கள் அவற்றை உலர்புல் நிலமாக வைத்திருந்ததுதான். அறுத்ததை அங்கேயே விடாமல் வாரி வெளியேற்றுவது இன்றியமையாதது. விட்டுவிட்டால் அதுவே சருகுப் போர்வையாகி வெயிலை மறைக்கும். ஆண்டுதோறும் அதே நாளில் முழுவதையும் அறுத்தால், அந்த நாளுக்குப் பிறகு விதை முதிரும் செடிகள் மெல்ல மெல்ல அற்றுப்போகும். ஆகையால் பாதியை மட்டும் அறுத்து, நாளையும் ஆண்டுக்காண்டு மாற்றுங்கள். ஆனால் புதர்களை அறுப்பு மட்டும் வெல்லாது. வெட்டிய தண்டின் முனையில் உடனே களைக்கொல்லி தடவ வேண்டியிருக்கும்.

கேள்வி: பைசன் மாடுகளைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றி நிறையப் படிக்கிறோம். சாதாரணக் கால்நடைகளால் பிரெய்ரி கெடும் என்பது உண்மையா?

பதில்: கால்நடையைப் பகையாகப் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. எஞ்சியிருக்கும் உயர்புல் பிரெய்ரியின் மிகப் பெரிய பரப்பு கன்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸிலும் ஓக்லகோமாவின் ஓசேஜ் குன்றுகளிலும் இருக்கிறது. அங்கே அதை உழாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மாடு வளர்ப்பவர்கள்தாம். அவர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போனால் அடுத்து வருவது பிரெய்ரியாக இருக்காது.

பைசனின் சிறப்பு வேறு. அது பெரும்பாலும் புல்லையே மேய்ந்து பூச்செடிகளை விட்டுவிடுகிறது. புரண்டு புரண்டு நிலத்தில் உண்டாக்கும் பள்ளங்களில் மழைநீர் தேங்கி வேறு வகைச் செடிகள் முளைக்கின்றன. கொன்சாவில் பைசன் மேய்ந்த பகுதிகளில் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் உள்நாட்டுச் செடிவகைகள் ஏறக்குறைய இரு மடங்காயின என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. மாடு மேய்ந்த இடங்களிலும் வகைகள் கூடின, ஆனால் குறைவாக. அங்கே பைசன் ஆண்டு முழுவதும் மேய்ந்தது, மாடுகள் வளர்பருவத்தில் மட்டும் மேய்ந்தன என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

என் கருத்தில், எந்த விலங்கு என்பதைவிட எப்படி மேய்க்கிறோம் என்பதே பெரிது. ஓக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஃபூலண்டார்ஃபும் டேவிட் எங்கலும் விளக்கிய திட்டுத்தீ மேய்ச்சல் முறையில், உள்வேலி எதுவும் போடாமல், மேய்ச்சல் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் சுழற்சியாக எரிக்கிறார்கள். எரித்த இடத்தில் முளைக்கும் இளம்புல்லைத் தேடி மந்தை தானாகவே அங்கே போய்ச் சேர்கிறது. மற்ற இரண்டு பங்கிலும் புல் ஓங்கி, அடுத்த தீக்கான எரிபொருளும் சேர்கிறது. இதன் பயனைப் பெரும் பிரெய்ரிக் கோழியின் வாழ்க்கையில் பார்க்கலாம். சேவல்கள் கூடி ஒலியெழுப்பி ஆடுவதற்குக் குட்டைப்புல் நிலம் வேண்டும். பெட்டை அடைகாக்கச் சென்ற ஆண்டின் காய்ந்த புல் நிற்கும் மறைவு வேண்டும். குஞ்சுகள் ஓடித் திரிந்து பூச்சி பிடிக்கப் பூச்செடிகள் நிறைந்த, அடியில் இடைவெளியுள்ள நிலம் வேண்டும். ஒரே சீராக எரித்து, ஒரே சீராக மேய்த்த நிலத்தில் இந்த மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். கன்சாஸில் 1996இல் நிறுவப்பட்ட உயர்புல் பிரெய்ரி தேசியப் பாதுகாப்பகத்திலும், ஓக்லகோமாவின் ஓசேஜ் மாவட்டத்தில் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு நடத்தும் காப்பகத்திலும் பைசனையும் திட்டுத்தீயையும் ஒருங்கே காணலாம். உங்கள் நிலம் சில ஏக்கர் மட்டுமே என்றால் பைசனை மறந்துவிடுங்கள். அது மந்தையாகப் பரந்த வெளியில் வாழும் விலங்கு.

கேள்வி: மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த மூன்று ஏக்கரில் புதிதாகப் பிரெய்ரி அமைக்க விரும்புகிறேன். எதில் தொடங்குவது?

பதில்: சோயா அறுத்த நிலம் இதற்கு மிக ஏற்றது, களையும் குறைவு, மண்ணும் உறுதியாக இருக்கும். அதை மீண்டும் உழ வேண்டாம். முன்பு பயிருக்குத் தெளித்த களைக்கொல்லியின் மிச்சம் மண்ணில் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். நவம்பர் முதல் மார்ச்சு தொடக்கம் வரை விதைக்கலாம். பல பூச்செடிகளின் விதைக்கு ஈரமும் குளிரும் சேர்ந்த சில வாரங்கள் கிடைத்தால்தான் உறக்கம் கலையும். குளிர்கால விதைப்பில் அந்த வேலையை உறைபனியே செய்துவிடுகிறது. விதை அரை சென்டிமீட்டருக்குமேல் ஆழத்தில் போகக் கூடாது. உரம் இடவே வேண்டாம். அது களைக்குத்தான் பயன்படும்.

விதைக் கலவையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மலிவான கலவைகளில் பிக் புளூஸ்டெமும் சுவிட்ச் கிராஸும் மிகுந்திருக்கும், அதுவும் தீவனத்துக்காக வளர்த்தெடுத்த வீரிய வகைகளாக இருக்கும். அவை சில ஆண்டுகளில் மற்ற எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடும். சதுர அடிக்கு ஏறக்குறைய 40 விதை, அதில் பாதிக்குக் குறையாமல் பூச்செடிகள், எல்லாமே உங்கள் வட்டாரத்து மூலத்திலிருந்து பெருக்கியவை என்று கேட்டு வாங்குங்கள். செலவு கூடும், ஆனால் தொடக்கத்தில் விட்டுப்போன பூச்செடிகளை, புல் அடர்ந்த பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

முதல் ஆண்டு நிலம் முழுவதும் களையாகத்தான் தெரியும். இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து உழுதுவிடுபவர்கள் இருக்கிறார்கள். விதைத்த செடிகள் அந்த ஆண்டு மேலே சில அங்குலமே வளர்ந்து, கீழே வேரை இறக்கிக்கொண்டிருக்கும். களை முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் அரையடி விட்டு அறுத்து, நாற்றுகளுக்கு வெயில் கிடைக்கச் செய்யுங்கள். மூன்றாம் ஆண்டில் பூக்கள் தெரியத் தொடங்கும். காம்பஸ் பிளான்ட் பூக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பணியை மனமார வரவேற்கும்போதே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிதாக விதைத்தது, அழிந்த பழம் பிரெய்ரிக்கு ஈடாகாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கர்டிஸ் பிரெய்ரி 1930களின் நடுவில் நடப்பட்டது. உலகிலேயே மிகப் பழைய மீட்டெடுத்த பிரெய்ரி என்று போற்றப்படுவது. அதற்கே இன்றும் ஓயாத பராமரிப்பு தேவைப்படுகிறது. ‘இங்கே அழித்துவிட்டு அங்கே விதைத்துத் தருகிறோம்’ என்று எவரேனும் பேரம் பேசினால், அதற்கு இணங்காதீர்கள்.

கேள்வி: செரீசியா லெஸ்படீசா களையை எரித்தும் அழிக்க முடியவில்லை. ஏன்?

பதில்: வசந்தத்தில் எரிப்பதால்தான். மண்ணரிப்பைத் தடுக்கவும் தீவனத்துக்குமென்று ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தச் செடியில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி என்பதால், முற்றியபின் மாடுகள் அதைத் தொடுவதில்லை. வசந்தத் தீ அதன் விதைகளை முளைக்கத் தூண்டுகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் எரித்தால் பூத்து விதைக்கும் வேளையில் அடி விழுகிறது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சோதனைகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. ஸ்வீட் குளோவரும் இதைப் போன்றதே. அது இரண்டாண்டுச் செடி. ஓர் ஆண்டு தொடக்க வசந்தத்தில் எரித்து முளைக்கவிட்டு, மறு ஆண்டு வசந்தத்தின் இறுதியில் தண்டு நீளும்போது எரித்தால் பெருமளவு ஒழியும். எங்கோ ஒன்றிரண்டு செடிகள் மட்டும் இருந்தால், தீயை எதிர்பார்க்காமல் உடனே கையால் அகற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் பயிர்த்தொழில் செய்பவன். வருமானம் தரும் நிலத்தைப் பிரெய்ரிக்கு விட எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

பதில்: முழு வயலையும் விடச் சொல்லவில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 முதல் நீல் ஸ்மித் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில், சரிவான வயல்களின் குறுக்கேயும் அடியிலும் பிரெய்ரிப் பட்டைகளை விதைத்துப் பார்த்தார்கள். வயலில் 10 விழுக்காட்டைப் பட்டையாக்கியதும் அடித்துச் செல்லப்படும் மண் ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. பாஸ்பரஸ் இழப்பும் பெருமளவு குறைந்தது. மகரந்தம் பரப்பும் பூச்சிகள் மூன்று மடங்குக்கும் மேல் பெருகின. பிரெய்ரியின் விறைத்த தண்டுகள் பெருமழையிலும் சாயாமல் நின்று நீரின் வேகத்தை முறிப்பதும், ஆழ்வேர்கள் நீரை மண்ணுக்குள் இறக்குவதுமே இதற்குக் காரணம். 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்துக்குப் பிறகு, இத்தகைய பட்டைகளுக்குக் கூட்டாட்சி அரசின் நிலப்பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தின் கீழ் வாடகையும் செலவில் பங்கும் பெற வழி உண்டு. வயலில் விளைச்சல் குறைவான மூலைகளையும் நீர் ஓடி அரிக்கும் சரிவுகளையும் முதலில் குறித்துக்கொண்டு, உங்கள் மாவட்ட வேளாண் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: அருகிலுள்ள பழம் பிரெய்ரியில் விதை சேகரிக்கலாமா?

பதில்: உரிமையாளரிடமோ பராமரிக்கும் அமைப்பிடமோ எழுத்தில் அனுமதி பெற்றால் சேகரிக்கலாம். பல காப்பகங்களில் தன்னார்வலர்களோடு சேர்ந்து சேகரிக்க இலையுதிர்காலத்தில் நாள் ஒதுக்குவார்கள். தொடங்குவதற்கு அதுவே நல்ல வழி. ஒரே செடியிலிருந்து அள்ளாமல், பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, பெரும்பங்கை நிலத்துக்கே விட்டுவிடுங்கள். பிரெய்ரி ஃப்ரிஞ்டு ஆர்க்கிட், மீட்ஸ் மில்க்வீட் போலச் சட்டப் பாதுகாப்பு பெற்ற செடிகளைத் தொடவே கூடாது. சேகரித்ததைக் காகிதப் பையில் இட்டு, வகை, இடம், நாள் மூன்றையும் அப்போதே எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.